ரத்தம் சினை என்றது, கை இல்லை என்றது

சென்ற மாதம் ஒரு பிற்பகல் நிரோஷா வீட்டுக்கு வந்தாள். பதுளை மிருக வைத்திய அலுவலகத்தில் நான் இருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள்தான். வைத்த தேநீரைத் தொடாமலே விஷயத்துக்கு வந்துவிட்டாள். எல்லப் பக்கத்தில் ஒரு ஹோட்டல்காரர் சவாரிக்குக் குதிரைகள் வைத்திருக்கிறாராம். அதில் பெண்குதிரை ஒன்றின் ரத்தத்தைச் சோதித்தால் சினை என்று வருகிறது. ஸ்கேன் வைத்துப் பார்த்தால் கருப்பை வெறுமையாக இருக்கிறது.

“லேப்ல பிழையா மேடம், இல்ல மெஷின்ல பிழையா?”

“ரெண்டுலயும் பிழை இல்ல. குதிரைக்கு அப்படி நடக்கும்” என்றேன்.

காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு வீடு பழையபடி ஆனது. என்னைத் தேடி வருகிறவர்கள் இப்போது குறைவு. வந்தவளிடம் பதிலை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன், அது எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லவில்லை என்று மனதுக்குள் ஒரு குறை. ஆகவே எழுதுகிறேன்.

நான் தெமோதரைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் மெஷினில் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். பள்ளிக்கூடம், பேராதனைப் பல்கலைக்கழகம், பட்டம், நியமனம் எல்லாம் இன்று நினைத்தால் ஒரு நீண்ட பஸ் பயணம் போலத்தான் ஞாபகம் இருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு மாடு, ஆடு, விசர்நாய்த் தடுப்பூசி. ஊவா மாகாணத்தில் மிருக வைத்தியம் என்றால் பெரும்பாலும் மாடுதான். நான் குதிரையைத் தொட்டதற்குக் காரணம் என் மேலதிகாரி டொக்டர் கருணாதிலக்க.

நுவரெலியாவில் பந்தயக் குதிரை வைத்திருப்பவர்கள் சிலர் அவரைக் கூப்பிடுவார்கள். போகும்போது என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்வார். அதிகம் பேசாத மனிதர். லாயத்துக்குள் போனதும் முதலில் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றுவார். கைக்குட்டையில் முடிந்து காற்சட்டைப் பையில் போடுவார். பிறகு குதிரைக்காரரின் பெயரைக் கேட்பார், அதற்குப் பிறகுதான் குதிரையின் பெயரை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குதிரையைப் பார்த்தபடி நிற்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. சொந்தக்காரர் பேசினாலும் அவர் காதில் விழாது. குதிரை தானாகத் தலையைத் திருப்பி அவரை ஒருமுறை பார்க்கும். அதற்குப் பிறகுதான் கையுறையை மாட்டுவார்.

முடிவு சொல்வதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் இந்தப் பக்கம் நின்று சொல்லமாட்டார். “நல்ல சேதியோ கெட்ட சேதியோ, பக்கத்துல போய்ச் சொல்லணும். உட்காரச் சொன்னா உட்கார்ந்து சொல்லணும்” என்பார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் என் பேச்சில் எழுதுகிறேன்.

ஒருநாள் சினைக்குதிரை ஒன்றைப் பார்த்துவிட்டுக் கை கழுவும்போது, “மிஸ் பரமேஸ்வரி, உங்க அப்பாவுக்கு என்ன வேலை?” என்று கேட்டார். சொன்னேன்.

“அப்போ உங்களுக்குச் சுலபமா விளங்கும். குதிரையோட சினை ஃபெக்டரி மாதிரி. ஷிப்ட்டுல நடக்குது.”

பசுவின் கர்ப்பத்தைப் பெரும்பகுதிக் காலம் காப்பது அதன் சூலகம் சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன். குதிரைக்கு அப்படி இல்லை. முதல் ஷிப்ட் மட்டும்தான் சூலகம். ஒரு மாதம் தாண்டியதும் குட்டியின் பக்கத்திலிருந்து சில உயிரணுக்கள் புறப்பட்டுத் தாயின் கருப்பைச் சுவருக்குள் வேர்விடும். அங்கே சின்னச் சின்னக் கிண்ணங்களாக நின்று தங்களுக்கென்று ஒரு ஹோர்மோனைச் சுரக்கும். ரத்தத்தில் நாம் தேடிப் பார்ப்பது அதைத்தான். அது சூலகத்தைத் தட்டி எழுப்பி இன்னும் வேலை செய்ய வைக்கும். சில மாதங்களில் தாயின் உடம்பு அந்தக் கிண்ணங்களை அந்நியமென்று கண்டு வாடவைத்துவிடும். அதற்குள் நஞ்சுக்கொடி பொறுப்பை எடுத்திருக்கும். சூலகம் சுருங்கித் தூங்கப் போய்விடும்.

“ஷிப்ட் மாறுற நேரத்துலதான் மெஷின்ல கை மாட்டும்” என்றார். பிறகு துவாயில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, “இன்னொண்ணு. குட்டி செத்துப்போனா அந்தக் கிண்ணங்களுக்குத் தெரியாது. அதுங்க பாட்டுக்கு வேலை செய்யும்” என்றார்.

அன்று அதைப் பரீட்சைக்கு உதவும் ஒரு தகவல் போலத்தான் வைத்துக்கொண்டேன்.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். சில வருடங்களில் காலமாகிவிட்டார். பிறகு வெகுகாலம் குதிரைக்கென்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். தம்பி கனடா போனான். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் நின்றுபோனது. பிறகு வரவில்லை. பதுளையில் அரசாங்கக் குவாட்டர்ஸில் தனியாக இருந்தேன். மாலையில் கதவைத் திறந்தால் காலையில் வைத்துவிட்டுப் போன கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்த அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஓய்வு பெறச் சில வருடங்கள் இருக்கும்போது மடுல்சீமையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே மலை உச்சியில் இருந்த பழைய தோட்டத்துப் பங்களாவைக் கொழும்புக்காரர் ஒருவர் எடுத்து, வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார். தோட்டத்து ஆட்களுக்கு அவர் கொழும்புத் தொரை. சவாரிக்கென்று நுவரெலியாவில் மூன்று குதிரைகள் வாங்கியிருந்தார். இரண்டு காயடித்த ஆண்குதிரைகள், ஒரு பெண்குதிரை. பெண்குதிரையின் பெயர் டச்சஸ். குதிரைக்காரர் சன்னாசி அதை டாச்சி ஆக்கியிருந்தார்.

சன்னாசி இளவயதிலிருந்து நுவரெலியா லாயங்களில் வேலை செய்தவர். டாச்சி குட்டியாக இருந்த நாள் முதல் அவர்தான் பார்த்தார். குதிரையை விற்றபோது அவரும் கூடவே வந்துவிட்டார். மனைவி இல்லை. ஒரே மகள் குவைத்தில் வீட்டுவேலை. லாயத்தின் கோடியில் ஒரு அறையில் இருந்தார். அவருக்கும் டாச்சிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். விடிந்ததும் அவள் அதை மூக்கால் இடிப்பாளாம், அவர் எழும்பிவிடுவாராம்.

டாச்சிக்கு முன்னங்காலில் பழைய காயம். சவாரிக்கு உதவமாட்டாள் என்று தெரிந்ததும் தொரை ஒரு முடிவுக்கு வந்தார். குட்டி போட்டால் இருக்கட்டும், இல்லாவிட்டால் விற்றுவிடலாம். நுவரெலியாவுக்கு லொறியில் கொண்டுபோய் ஆண்குதிரையோடு சேர்த்தார்கள். இரண்டு மாதம் கழித்து நான் ரத்தம் எடுத்தேன். சினை என்று முடிவு வந்தது. சன்னாசியின் பக்கத்தில் போய்ச் சொன்னேன். அவர் டாச்சியின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தன் அறைக்கு ஓடிப்போய் எனக்குச் சாயத் தண்ணி, பால் இல்லாத தேநீர், போட்டுக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு ஒரு பெருமழை வந்தது. மண்சரிந்து பசறைக்கு அப்பால் பாதை மூடிக்கிடந்தது. டாச்சிக்குக் காய்ச்சல் என்று தொலைபேசியில் சொன்னார்கள். போக வழியில்லை. என்ன கொடுப்பதென்று சொன்னேன், கொடுத்தார்கள். பாதை திறந்து நான் போய்ச் சேர்ந்தபோது காய்ச்சல் இல்லை. நன்றாகத் தின்றாள். கண் தெளிவாக இருந்தது.

ஆனாலும் கையை உள்ளே விட்டுப் பார்க்க நினைத்தேன். சன்னாசி யூக்கலிப்டஸ் கம்புகளால் கட்டியிருந்த கூண்டில் அவளை நிறுத்தினோம். கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அது என்னோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். தோள்வரை கையுறை, சவர்க்காரத் தண்ணீர். சாணத்தை மெதுவாக எடுத்துவிட்டு, குடல் தளரும்வரை கையை அசைக்காமல் வைத்திருந்து, பிறகு உள்ளே போனேன். இடது சூலகத்தைத் தொட்டேன், அங்கிருந்து கருப்பையின் கொம்பு வழியாக வந்தேன். சினையின் அந்தக் கட்டத்தில் அங்கே ஒரு பெரிய புடைப்பு இருக்க வேண்டும், கருப்பை கனத்து முன்னால் இழுபட்டிருக்க வேண்டும். கொம்பு தட்டையாக, லேசாக இருந்தது. வலது பக்கமும் அப்படியே. திரும்பவும் முதலிலிருந்து வந்தேன்.

சன்னாசி குதிரையின் தலையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்காம்மா?”

“ரத்தம் எடுத்துப் பார்ப்போம் அண்ணே.”

அடுத்த வாரம் முடிவு வந்தது. சினை. சந்தேகமில்லாத சினை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் டொக்டர் கருணாதிலக்க துவாயில் விரல் துடைத்தது ஞாபகம் வந்தது. குட்டி போய்விட்டது. கிண்ணங்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவை வாடும்வரை டாச்சி சினையும் இல்லை, சினைப்படவும் மாட்டாள். அவளுடைய ரத்தம் மட்டும், இல்லாத குட்டிக்காக ஓடிக்கொண்டிருக்கும்.

மடுல்சீமைக்குப் போய் முதலில் சன்னாசியிடம் சொன்னேன். லாயத்து வாசலில் கவிழ்ந்துகிடந்த வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“எனக்குத் தெரியும்மா. மழ பெஞ்ச கெழமையில வாலெல்லாம் ஒரு மாதிரி அழுக்கு. வைக்கல்லயும் கெடந்துச்சு. கண்டேன். கண்டு கழுவிட்டேன்.”

“ஏன்ண்ணே சொல்லல?”

“சொன்னா உண்மையாயிருமேன்னுதான்.”

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“டொக்டரம்மா, காயிதம் சினைன்னுதானே சொல்லுது? அவ ரத்தமே அப்படித்தானே சொல்லுது? நீங்க பொய் சொல்ல வேணாங்க. சும்மா இருங்க, போதும். அவ எங்கூட இருக்கட்டும். இத வித்துட்டா நான் எங்க போவேன்? இந்த வயசுல எவன் எனக்கு இன்னொரு குதிர குடுப்பான்?”

அவர் கேட்டது பெரிய விஷயம் இல்லைதான். காகிதம் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் சில மாதங்கள் ஓடிவிடும். ஆனால் சினை என்றே இருந்தால் யாரும் அவளைத் திரும்ப ஆண்குதிரையிடம் கொண்டுபோகமாட்டார்கள். வருடம் முடிந்து குட்டி இல்லையென்று தெரிந்தால் அதே நாளில் விற்பார்கள்.

“சொல்லித்தான் ஆகணும் அண்ணே” என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

தொரை அன்று பங்களாவில் இருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்து சொன்னேன். அமைதியாகக் கேட்டார்.

“ரத்தம் ரெண்டு முறையும் ஆம் என்கிறது. உங்கள் கை மட்டும் இல்லை என்கிறது.”

“ரத்தத்தில் இருப்பது குட்டி விட்டுவிட்டுப் போன வேர் சுரப்பது சேர். குட்டி இல்லை.”

“மொனராகலையில் கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் இவளைக் கேட்டிருக்கிறார். சினை என்றால் உடனே எடுப்பார்.”

“அவர் என்னிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.”

அவர் கோபப்படவில்லை. சலிப்போடு வெளியே தேயிலை மலையைப் பார்த்தார். நான் அவசரமாகப் பேசினேன். ஒருமுறை சினைப்பட்டவள் திரும்பவும் படுவாள், வேர் தானாக வாடும், அதை அவசரப்படுத்த மருந்தில்லை, காத்திருக்க வேண்டும், வாடினால் பருவத்துக்கு வருவாள், அதுவரை நான் சனிக்கிழமைகளில் வந்து பார்க்கிறேன் என்றேன்.

“சனிக்கிழமை உங்களுக்கு லீவு இல்லையா? ஏன் வருகிறீர்கள்?”

“சனிக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது.

சரி, பார்ப்போம் என்றார். அந்த வார்த்தை போதும் என்று சன்னாசியிடம் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மாதங்கள் முழுக்கச் சனிக்கிழமைதோறும் ஒரே பாதை. பதுளையிலிருந்து பசறை, பசறையிலிருந்து மடுல்சீமை, பிறகு பாதை உடைந்த இடத்திலிருந்து நடை. மூடுபனியில் லாயத்துக் கூரை கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். சன்னாசி எனக்காகக் குதிரையைத் தயாராக நிறுத்தியிருப்பார். வேலையில் ஒரு குறையும் வைக்கமாட்டார். ஆனால் என்னிடம் பேசமாட்டார். பேசுவதெல்லாம் டாச்சியிடம்.

“டாச்சி, டொக்டரம்மா ஊசி குத்தப் போறாங்களாம். ஆடாம நில்லு.”

“டாச்சி ஒழுங்காத் தின்னுறாளா அண்ணே?” என்று நான் கேட்பேன்.

“தின்னுறேன்னு சொல்லு டாச்சி.”

சாயத் தண்ணி வரும். என் கையில் தரமாட்டார், வாளியின்மேல் வைத்துவிட்டுப் போவார். நான் குடித்துவிட்டு ரத்தக் குழாயைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடப்பேன். ஒவ்வொரு முறையும் முடிவில் அந்த ஹோர்மோன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊரெல்லாம் சினைக்காகக் காத்திருக்கையில் சினையின் கடைசி அடையாளமும் அழிவதற்காகக் காத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொள்வேன். சரியானதைச் செய்தேன் என்று தெரியும். ஆனாலும் அந்த மலையில் என்னோடு பேச ஆளில்லை, வீட்டிலும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பஸ் நிற்கும் முன்பே, வளைவில் ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. சன்னாசி. மூச்சு வாங்க, பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

“டொக்டரம்மா! வந்துட்டா! வால தூக்கிட்டா! வெடிஞ்சதுலேருந்து அந்தக் கெழட்டு ஆங்குதிரகிட்ட பின்பக்கத்தக் காட்டிக்கிட்டு நிக்கிறா!”

பஸ்ஸில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தவர், பாதிவழியில்தான் என்னிடம் நேராகப் பேசிவிட்டதை உணர்ந்திருக்க வேண்டும். நின்றார். திரும்பினார். “பாத்து வாங்கம்மா, சறுக்கும்” என்றார்.

மறுபடியும் நுவரெலியா, மறுபடியும் ஆண்குதிரை. இந்த முறை ரத்தமும் கையும் ஒரே வார்த்தையைச் சொல்லின. ஆனாலும் ஷிப்ட் மாறும் காலம் நெருங்க நெருங்க எனக்குப் பயம். கிண்ணங்கள் வாடும் சமயத்தில் புரோஜெஸ்தரோன் நான் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கியது. நஞ்சுக்கொடி பொறுப்பெடுத்துக்கொள்ளும் வரைக்கும் அதை ஊசியாகப் போட்டோம். டாச்சியின் கழுத்திலும் பின்புறத்திலும் மாறிமாறிக் குத்தினேன். சன்னாசி ஒவ்வொரு ஊசிக்கும் தானே முகம் சுளித்தார். பிறகு அளவு நிலைத்தது. வயிறு இறங்கத் தொடங்கியது.

நடுமாதங்களில் வயிற்றுக் குட்டியின் இனப்பெருக்கச் சுரப்பிகள் தாயின் சூலகத்தைவிடப் பெரிதாக வீங்குமென்றும், ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோனைச் செய்யத் தேவையான பொருளை அவைதான் நஞ்சுக்கொடிக்குக் கொடுக்கின்றன என்றும் அவருக்குச் சொன்னேன். பிறக்குமுன் அவை திரும்பச் சின்னதாகிவிடும்.

“அப்ப உள்ள இருக்கயிலயே வேல செய்யுது” என்றார் சன்னாசி. “நம்ம தோட்டத்துப் புள்ளதான்.”

மடியில் பால் இறங்கி, காம்பு நுனியில் மெழுகு போலத் துளி கட்டியபோது நான் லீவு போட்டுவிட்டு மடுல்சீமைக்குப் போனேன். பங்களாவில் ஒரு அறை கொடுத்தார்கள். நாங்கள் மாறிமாறிக் காவலிருந்தோம். டாச்சி எங்களைப் பார்த்துக்கொண்டே வைக்கோல் மென்றாள். மறுநாள் விடிந்து பனி விலகத் தொடங்கியபோது அவள் வியர்த்திருப்பதைக் கண்டேன். நாங்கள் பார்த்தால் அசையாமல் நின்றாள்.

“வாங்க அண்ணே, போவோம்” என்றேன்.

“எங்க? இவளத் தனியா விட்டுட்டா?”

“நம்ம இருக்கிற வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் நிப்பா. குதிரை அப்படித்தான். யாரும் இல்லாதப்பதான் பெறுவா.”

மனசில்லாமல் வந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பங்களாச் சமையலறையின் பின்படியில் உட்கார்ந்தோம். சமையல்காரர் தேநீர் கொடுத்தார். சன்னாசி கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு திடீரென்று கேட்டார்.

“ஒங்களுக்கு யாரும்மா இருக்கா?”

யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. “தம்பி கனடாவுல இருக்கான். வேற யாரும் இல்லண்ணே” என்றேன்.

“பேசுவாரா?”

“தீபாவளிக்குப் பேசுவான்.”

“எம் மகளும் அப்படித்தான்” என்றார். “பாவம், அதுக்கு நேரம் இல்ல.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கனைப்பு என்று சொல்ல முடியாது. தொண்டைக்குள்ளேயே உருளும், தாழ்ந்த, மெல்லிய ஒரு சத்தம். இருவரும் எழுந்து ஓடினோம். வாசலில் சன்னாசி சட்டென்று நின்று, கையை நீட்டி என்னையும் நிறுத்தினார்.

வைக்கோலில் நனைந்த கருஞ்சிவப்புக் குட்டி ஒன்று காதுகளை ஆட்டிக்கொண்டு கிடந்தது. டாச்சி படுத்தபடியே கழுத்தை வளைத்து அதை முகர்ந்தாள். அந்தச் சத்தம் திரும்பவும் வந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“இத்தன வருசத்துல இந்தச் சத்தத்த நான் கேட்டதில்லம்மா” என்றார் சன்னாசி. “எனக்கு வேற சத்தம் வச்சிருக்கா. இது எனக்கில்ல.”

அவர் உள்ளே போகவில்லை. வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டே நின்றார். குட்டி நான்கு முறை விழுந்து ஐந்தாம் முறை எழுந்தது. பால் தேடிக் குடித்த பிறகுதான் நான் கையுறை மாட்டி, விழுந்த நஞ்சுக்கொடி முழுதாக இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தேன். முழுதாக இருந்தது. பெண்குட்டி. தொரைக்குச் சொன்னோம். டாச்சி அங்கேயே இருக்கட்டும் என்றார்.

எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை பதுளை வீட்டில் துணி துவைத்தேன், அலுமாரியை ஒழுங்குபடுத்தினேன். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. சன்னாசி.

“என்னண்ணே? குட்டிக்கு ஏதாவதா?” எனக்குப் பதறிவிட்டது.

“ஒண்ணுமில்ல டொக்டரம்மா. சும்மாத்தான் எடுத்தேன். குட்டி ஓடுது.”

“ஓடுதா?”

“ஆமாங்க. கேளுங்க.”

தொலைபேசியை எங்கேயோ நீட்டிப் பிடித்தார் போலிருக்கிறது. காற்று இரைந்தது. அதற்கு நடுவே குளம்புச் சத்தம் கிட்ட வந்தது, தூரப் போனது, மறுபடி கிட்ட வந்தது. அதற்கு மேல் சொல்ல அவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை, எனக்கும் இருக்கவில்லை. ஆனாலும் அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.